மீனின் கண்ணும் காட்சி என்னும் அளவையும்

கண்ணால் கண்டதை எவ்வளவு தூரம் மெய் என்று கொள்ளலாம்? அறிவு எப்படிப் பிறக்கிறது என்று ஆராய்ந்த இந்திய மரபுகள் காட்சியை ஓர் அளவையாக, அதாவது மெய்யறிவைப் பெறும் வழியாக, ஏற்றன. ஆனால் அந்தக் காட்சிக்குள் என்ன நடக்கிறது என்பதில் அவை ஒன்றோடொன்று கடுமையாக வாதிட்டன. பொறியும் பொருளும் கூடும்போது பிறக்கும் பிழையற்ற அறிவே காட்சி என்றார்கள் நியாயவாதிகள். கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்றும் கருதினார்கள். பௌத்த தர்க்கத்துக்கு அடித்தளமிட்ட திக்நாகர், மனத்தின் கற்பனை கலவாத தூய உணர்வு மட்டுமே காட்சி என்றார். அவர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்பது மரபு. மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் காஞ்சியில் உரைக்கும் தர்க்கமும் பெயர், சாதி, குணம், செயல் ஆகியவற்றை விலக்கிய உணர்வையே காட்சியாகக் கொள்கிறது. அத்வைதிகள் கயிற்றில் தோன்றும் பாம்பைக் காட்டி, காண்பதெல்லாம் கடைசி உண்மையாகிவிடாது என்று எச்சரித்தார்கள். சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அளவைக்குத் தனி இடம் ஒதுக்கி, ஐயமும் திரிவும் நீங்கிய காட்சியை வரையறுத்தார். இவர்கள் எவரும் சோம்பலாகக் கேட்ட கேள்வி அல்ல இது. காட்சி ஆட்டம் கண்டால் அதன்மேல் நிற்கும் கருதலும், அதாவது அனுமானமும், ஆட்டம் காணும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

இந்தப் பழைய வாதத்தில் மீனின் விழித்திரைக்குச் சொல்ல ஒன்று உண்டு. முதுகெலும்புள்ள உயிர்களின் கண்ணுக்குள் நரம்புச் செல்கள் எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன என்பதில் பெரும்பகுதியை அறிவியல் கடந்த எழுபது ஆண்டுகளில் மீன்களிடமிருந்தே கற்றது. கெண்டை, தங்கமீன், கெளுத்தி போன்றவற்றின் விழித்திரையில் சில செல்கள் பெரியவை. மிக நுண்ணிய மின்முனையைச் செருகி ஆராய ஏற்றவை. அந்தச் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது என்பது என் வாதம். காட்சி உலகின் நகலும் அன்று, மாயையும் அன்று. உயிருக்கும் உலகுக்கும் இடையே மெய்யாகவே நிலவும் ஓர் உறவு அது. உறவு என்பதால் அதை நம்பலாம். உறவு என்பதாலேயே அது ஒருபோதும் முழுமையாகாது.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். மீனின் விழித்திரையும் நம்முடையதைப் போலவே மூன்று செல் அடுக்குகளும் அவற்றுக்கிடையே இரண்டு இணைப்பு அடுக்குகளும் கொண்டது. ஒளியை உணரும் குச்சி செல்களும் கூம்பு செல்களும் பின்புறத்தில் இருக்கின்றன. அவற்றிடமிருந்து செய்தியை வாங்கிக் கடத்துபவை இருமுனைச் செல்கள். அவற்றிடமிருந்து பெற்று மூளைக்கு நீண்ட இழைகளை அனுப்புபவை நரம்புமுடிச்சுச் செல்கள்; அந்த இழைகளின் கட்டுதான் பார்வை நரம்பு. இந்த நேர்ப்பாதைக்குக் குறுக்கே இரண்டு வகைச் செல்கள் படர்ந்திருக்கின்றன: முதல் இணைப்பு அடுக்கில் கிடைமட்டச் செல்கள், இரண்டாவதில் அமக்ரைன் செல்கள். ஸ்பெயின் நாட்டு சந்தியாகோ ரமோன் இ கஹால், முதுகெலும்பிகளின் விழித்திரை பற்றி 1893இல் வெளியிட்ட ஆய்வில் மீன்களின் செல்களையும் கிளை கிளையாக வரைந்து காட்டினார். வடிவம் தெரிந்துவிட்டது. குறுக்கே படர்ந்த செல்கள் என்ன செய்கின்றன என்பது மட்டும் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் விளங்காமல் இருந்தது. அது விளங்கிய இடத்தில்தான் நம் மெய்யியல் கேள்வியும் புதிய வடிவம் பெறுகிறது.

கூம்பு செல்லிலிருந்து தொடங்கலாம். ஒளி பட்டால் ஒளியுணர் செல் கிளர்ந்தெழும், இருளில் ஓய்ந்திருக்கும் என்று நினைப்பதுதான் இயல்பு. 1960களில் டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தில் ட்சுனியோ தோமிதாவும் உடன் ஆய்வாளர்களும் கெண்டை மீனின் ஒற்றைக் கூம்பு செல்லுக்குள் மின்முனையைச் செலுத்தினார்கள். அந்தச் செல்லின் அகலம் சில மைக்ரோமீட்டர்தான். மெதுவாகக் குத்தினால் முனை உள்ளே போவதில்லை, செல்தான் நழுவும். ஆகவே விழித்திரையை வைத்திருந்த மேடையைச் சட்டென்று அதிரவைத்து, அந்த அதிர்வில் மின்முனை செல்லுக்குள் நுழையும்படி செய்தார்கள். தெரியவந்தவை இரண்டு. கெண்டையின் கூம்புகள் மூன்று வகைப்பட்டவை. சுமார் 460, 530, 610 நானோமீட்டர் அலைநீளங்களில் அவை உச்ச உணர்திறன் காட்டின. மற்றொன்று எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது: ஒளி பட்டபோது செல்லுக்குள் மின்னழுத்தம் மேலும் எதிர்மமாக இறங்கியது. பிறகு தெளிவானபடி, கூம்பு செல் இருளில்தான் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளை ஓயாமல் வெளியிடுகிறது. ஒளி வந்ததும் அது குறைகிறது. அடுத்த செல்லைப் பொறுத்தவரை ஒளி ஒரு குறைவாகவே வந்து சேர்கிறது. அதைப் பெறும் இருமுனைச் செல்களிலும் இரு சாரார் உண்டு: குளூட்டமேட் குறைந்தால் கிளர்பவை, கூடினால் கிளர்பவை. வெளிச்சம் ஏறியது, வெளிச்சம் இறங்கியது என்ற இரண்டும் தனித்தனிச் செய்திகளாக முதல் இணைப்பிலேயே பிரிந்துவிடுகின்றன.

நிறத்தின் கதை இன்னும் அழுத்தமானது. ஆய்வாளர் குன்னர் ஸ்வேட்டிச்சின் 1953இல் மீனின் விழித்திரையிலிருந்து ஒரு மின்மாற்றத்தைப் பதிவுசெய்து, அது கூம்பு செல்லிலிருந்து வருகிறது என்று கருதினார். மின்முனை நின்ற இடத்தைச் சாயமிட்டுப் பார்த்த பிறகுதான், கூம்புகளுக்கு அடுத்திருக்கும் கிடைமட்டச் செல்களிலிருந்து அது வருவது தெரிந்தது. அந்தச் செல்களில் சில எந்த நிற ஒளிக்கும் ஒரே திசையில் பதில் தந்தன. வேறு சிலவற்றில் மின்னழுத்தம் சிவப்பு ஒளிக்கு ஒரு திசையிலும் பச்சை ஒளிக்கு எதிர்த்திசையிலும் நகர்ந்தது. இரண்டு தட்டிலும் எடையை ஏற்றி எது கூடுதல் என்று மட்டும் சொல்லும் தராசைப் போல, அந்தச் செல் சிவப்பின் அளவையோ பச்சையின் அளவையோ சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நிறவுணர்வு பற்றி இரு தரப்பினர் வாதிட்டு வந்தார்கள். அடிப்படை நிற உணர்விகள் மூன்று என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் வழி. சிவப்பும் பச்சையும், நீலமும் மஞ்சளும் எதிரிணைகளாக இயங்குகின்றன என்பது ஹேரிங் வழி. கெண்டையின் கூம்புகளில் முதல் தரப்பும் அடுத்த செல்லிலேயே இரண்டாம் தரப்பும் மெய்ப்பட்டன. ஒரே பாதையின் வெவ்வேறு படிகளைப் பற்றித்தான் இரு தரப்பும் பேசியிருக்கின்றன.

இந்த ஒப்பீடு எப்படி நடக்கிறது என்பதை இணைப்புகளே காட்டுகின்றன. தங்கமீனின் விழித்திரையில் எந்தக் கிடைமட்டச் செல் எந்தக் கூம்பைத் தொடுகிறது என்று ஸ்டெல், லைட்ஃபுட் என்ற ஆய்வாளர்கள் 1975இல் வகைப்படுத்தினார்கள். ஒரு வகை மூன்று நிறக் கூம்புகளையும் தொடுகிறது. இன்னொன்று பச்சை, நீலக் கூம்புகளை. மூன்றாவது நீலக் கூம்பை மட்டும். இந்தச் செல்கள் கூம்பிடம் வாங்குவதோடு நிற்பதில்லை. கூம்புக்கே திருப்பிச் சொல்லி அதன் வெளியீட்டைத் திருத்தவும் செய்கின்றன. பக்கத்துக் கிடைமட்டச் செல்கள் நுண்துளைகளால் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் இந்தத் திருத்தம் அகன்ற பரப்பின் சராசரியைச் சுமந்து வருகிறது. விழித்திரைக்குள்ளேயே சுரக்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருள் அந்தத் துளைகளை இறுக்கிப் பரப்பைச் சுருக்குகிறது. இன்னும் வியப்பானது ஒன்று: கண் ஒளிக்குப் பழகியிருக்கும்போது கிடைமட்டச் செல்லின் நுனிகள் கூம்பின் அடிப்பகுதிக்குள் விரல் போன்ற சிறு முளைகளை நீட்டுகின்றன, இருளில் அவை பின்வாங்கி மறைகின்றன. பகலிலும் இரவிலும் மீனுக்கு இருப்பது ஒரே கண்தான். அதன் பின்னலோ ஒன்றாக இருப்பதில்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், உலகின் படம் ஒன்று கண்ணில் விழுந்து அப்படியே மூளைக்குப் போகிறது என்ற எண்ணத்துக்கு இடமில்லை. வில்லை ஒரு பிம்பத்தை விழித்திரைமீது வீழ்த்துவது உண்மை. ஆனால் முதல் இணைப்பைக் கடப்பதற்குள் அது வேறுபாடுகளின் தொகுப்பாகிவிடுகிறது: இங்கே பக்கத்தைவிட வெளிச்சம், அங்கே பச்சையைவிடச் சிவப்பு, இப்போது சற்று முன்பைவிட இருள். திக்நாகரின் நிலையை இங்கே நேர்மையாக எடைபோட வேண்டும். அவர் விலக்கியது பெயரையும் சாதியையும் ஒட்டும் மனத்தின் செயலை. கிடைமட்டச் செல் எதற்கும் பெயர் வைப்பதில்லை. அந்த அளவில் அவர் சொன்னதற்கும் விழித்திரைக்கும் பகை இல்லை. எதனோடும் ஒப்பிடப்படாமல் தனித்து நிற்கும் ஒன்றைக் கண் பற்றித் தருகிறது என்று கொண்டால் மட்டும் அந்தக் கொள்கை நிற்காது. ஒப்பீடு மனத்தில் தொடங்குவதில்லை. ஒளி நரம்பாக மாறும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. நியாயவாதிகளின் கண்கதிரும் இன்று நிற்காது. ஆயினும் காட்சி என்பது பொறியும் பொருளும் கூடும் கூட்டத்தில் பிறப்பது, இரண்டில் ஒன்றுக்கு மட்டும் சொந்தமானதன்று என்ற அவர்களின் அடிப்படை நிற்கிறது.

இங்கே முதல் மறுப்பு எழும். முதல் செல்லிலேயே கழித்தலும் திருத்தலும் நடக்கிறதென்றால், நாம் காண்பது நம் நரம்புகளின் வேலைப்பாட்டைத்தானே, உலகை அல்லவே, ஆகவே எல்லாம் தோற்றமே என்று ஏன் சொல்லக்கூடாது? வரிக்குதிரை மீன் இதற்கு விடை தருகிறது. அது இந்தியத் துணைக்கண்டத்தின் ஆழமற்ற நீர்நிலைகளில் வாழும் சிறு மீன். சிவப்பு, பச்சை, நீலம், புற ஊதா என நான்கு வகைக் கூம்புகள் கொண்டது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் டாம் பேடனின் குழுவினர், அந்த மீன் இயற்கையாக வாழும் இந்திய நீர்நிலைகளிலேயே நீருக்கடியில் வரும் ஒளியை அலைநீளம் வாரியாகக் கருவியால் அளந்தார்கள். நிறச் செறிவு பக்கவாட்டிலும் கீழேயும் மிகுந்திருந்தது; நேர் மேலே குறைந்திருந்தது. அவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி குஞ்சு மீனின் விழித்திரையும் அதற்கேற்பவே அமைந்திருக்கிறது. பக்கவாட்டையும் கீழ்ப்புறத்தையும் நோக்கும் பகுதிகளில் நிறங்களை ஒப்பிடும் சுற்றுகள் மிகுதி. தலைக்கு மேலே நோக்கும் பகுதியில் நிறம் பாராத சுற்றுகள். முன்னும் மேலுமாக இரையைத் தேடும் பகுதியில் புற ஊதா உணர்வு உச்சத்தில். பரமீசியம் போன்ற நுண்ணிரை புற ஊதா ஒளியில்தான் பளிச்சென்ற புள்ளியாகத் தெரியும். அதே குழு 2021இல் கூம்புகளின் வெளியீட்டை உயிருள்ள குஞ்சுகளில் அளந்தது. சிவப்பு, புற ஊதாக் கூம்புகளின் செய்தி பெரிதும் மாறாமல் வர, பச்சை, நீலக் கூம்புகளின் செய்தி அலைநீளங்களை எதிரெதிரே நிறுத்தும் ஒப்பீடாக மாறியிருந்தது. கிடைமட்டச் செல்களின் தலையீட்டைத் தடுத்ததும் அந்த ஒப்பீடு மறைந்தது. இயற்கை ஒளியில் நிறங்கள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று கணிதத்தால் பிரித்தெடுத்த வடிவங்களோடு, மீனின் செல்கள் செய்யும் ஒப்பீடுகள் நெருக்கமாகப் பொருந்தின.

இந்தப் பொருத்தம்தான் என் வாதத்தின் மையம். கழித்தல் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் எதைக் கழிப்பது, எதை எதனோடு ஒப்பிடுவது என்பதை நீரிலும் வானிலும் உள்ள ஒளியே நீண்ட தலைமுறைகளினூடாக வகுத்திருக்கிறது. ஒளி எங்கும் ஒன்றுபோல் இருக்கும் இடத்தில் எல்லாக் கூம்புகளும் அதையே திரும்பச் சொல்வதால் பயனில்லை. அதைக் கழித்தால் எஞ்சுவது உலகைப் பற்றிய புதிய செய்தி. ஆகவே செல்லின் திருத்தத்தை உலகை மறைக்கும் திரையாக எண்ணுவது தவறு. உலகு எட்டுவதே அதன் வழியாகத்தான். கயிற்றைப் பாம்பாகக் காட்டும் மயக்கத்துக்குக் கயிற்றோடு இத்தகைய பொருத்தம் கிடையாது. விளக்கைக் கொண்டுவந்ததும் அது கலைந்துவிடும். மீனின் பின்னலோ கருவிகொண்டு சோதிக்கச் சோதிக்க உலகோடு மேலும் ஒத்துப்போகிறது. அத்வைதத்தின் ஆழமான நிலைப்பாடு, அன்றாட வழக்கில் காட்சி செல்லுபடியாகும் என்பதை மறுப்பதன்று. அதற்கு அப்பால் ஒரு மேலான உண்மை உண்டு என்பது. அந்த மேலான உண்மை பற்றி விழித்திரை எதுவும் சொல்லாது. அன்றாடக் காட்சியை வெறும் பொய் என்று தள்ளுவதற்கு மட்டும் அது துணை நிற்காது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. பிழைத்திருக்க உதவுவது உண்மையாக இருக்க வேண்டியதில்லையே. மீனின் கண் இரைக்காக அமைந்தது, மெய்ம்மைக்காக அன்று என்பது அது. பயனும் உண்மையும் ஒன்றல்ல என்பதை ஏற்கிறேன். ஆனால் இந்தப் பயன் எதன் வழியாக வருகிறது என்று கேட்க வேண்டும். புற ஊதாப் புள்ளியை நோக்கிப் பாயும் குஞ்சின் வாயில் அகப்படுவது மெய்யான இரை. அங்கே இரை இருக்கிறது என்ற செய்தி பொய்யாக இருந்தால் பயனும் இராது. மீனின் காட்சி தன் தேவைக்கு ஏற்ப எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கிறது. கேட்டதற்குக் கிடைக்கும் விடையை அது தேர்ந்தெடுப்பதில்லை, உலகம் தருகிறது. மேலும், நீரின் ஒளியை அளந்தது மீனின் கண் அன்று. வேறு வழியில் இயங்கும் கருவி. சார்பற்ற இரண்டு வழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேரும்போது, அந்த இடம் இருக்கிறது என்று கொள்வதே நியாயம். கருவியைப் படிப்பதும் ஒரு கண்தானே என்று கேட்கலாம். ஒரு கண்ணோடு நிற்காமல் பல கண்களும் பல கருவிகளும் கணக்கும் ஒத்துப்போவதால்தான் அந்தப் படிப்பை ஏற்கிறோம்.

மூன்றாவது மறுப்பு, பின்னலே பிழையானால் என்ன செய்வது என்பது. அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரி 1940களில் தவளைகளின் கண்ணை 180 பாகை திருப்பிவைத்தார். இரை மேலே இருந்தால் அவை கீழே பாய்ந்தன. காலம் கடந்தும் திருந்தவில்லை. கண் திருப்பப்பட்ட மீன்கள் ஓயாமல் வட்டமிட்டு நீந்தின. 1963இல் அத்தார்தி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து தங்கமீனில் அவர் காட்டியது இதைவிட வலுவானது: விழித்திரையின் ஒரு பகுதியை அகற்றிப் பார்வை நரம்பை அறுத்தபோது, எஞ்சிய இழைகள் மீண்டும் வளர்ந்து, காலியாகக் கிடந்த இடங்களைக் கடந்து மூளையில் தத்தமக்கு உரிய இடத்திலேயே போய்ச் சேர்ந்தன. இணைப்பின் முதல் வரைவு அனுபவத்துக்கு முந்தியது, வேதிக்குறிகளால் வழிகாட்டப்படுவது என்பது இதனால் உறுதிப்பட்டது. ஆனால் வரைவு அங்கே முடிவதில்லை. மீண்டும் வளரும் இழைகள் முதலில் பரவலாகவே இணைகின்றன, பிறகு கூர்மை பெறுகின்றன. தங்கமீன்களை இருட்டிலோ சீராக மின்னி அணையும் ஒளியிலோ வைத்தால் அந்தக் கூர்மை வருவதில்லை என்று ஷ்மிட், ஐசல் என்ற ஆய்வாளர்கள் 1985இல் காட்டினார்கள். அருகருகே உள்ள செல்கள் ஒருசேரக் கிளர்வதற்கு மெய்யான காட்சிகள் தேவைப்படுகின்றன. ஆகவே காட்சி பிழைபடலாம். ஆனால் அது பிழை என்று சொல்வதற்கே சரியான பொருத்தம் ஒன்று இருந்தாக வேண்டும். திரிவுக் காட்சியை ஒப்புக்கொண்ட பின்னும் நம் மரபுகள் காட்சியை அளவைப் பட்டியலிலிருந்து நீக்காததன் நியாயம் இதுதான்.

நான்காவது மறுப்பு ஆன்மிகத் தரப்பிலிருந்து வருவது. செல்லும் இழையும் எதையும் காண்பதில்லை, காண்பது உயிர். கண் தன்னைத்தான் அறியாது, உயிர் காட்டினால்தான் அது காணும் என்று சைவ சித்தாந்தம் சொல்கிறது. இதை மறுக்க விழித்திரை ஆய்வில் எதுவும் இல்லை, மறுப்பது என் நோக்கமும் இல்லை. மின்னழுத்தம் ஏறி இறங்குவதை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், சிவப்பைச் சிவப்பாக உணரும் அனுபவம் ஏன் பிறக்கிறது என்பது அந்த அளவீட்டிலிருந்து வெளிப்படாது. ஆனால் உணர்பவர் யார் என்ற கேள்வியும், உணர்பவருக்கு எது வந்து சேர்கிறது என்ற கேள்வியும் வேறு வேறு. இரண்டாவதற்கு விழித்திரை விடை சொல்கிறது. கண் தன்னை அறியாது என்ற சித்தாந்தக் கூற்றோ இந்த ஆய்வால் வலுப்பெறுகிறது. தன் கூம்புகள் நான்கு என்பது எந்த மீனுக்கும் தெரியாது. தம் வில்லை புற ஊதாவைத் தடுத்துவிடுவதால் ஒளியின் ஒரு பகுதி தமக்கு மறைந்திருக்கிறது என்பதை மனிதர் எவரும் பார்த்து அறிந்ததில்லை. கருதிச் சோதித்தே அறிந்தார்கள்.

காட்சியும் கருதலும் ஒன்றையொன்று தாங்கும் இரு அளவைகள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. காட்சி உலகோடு நம்மைப் பிணைக்கிறது. அந்தப் பிணைப்பின் எல்லையைக் கருதல் காட்டுகிறது. எல்லை தெரிந்த பிறகு காட்சியை இகழ்வது எவ்வளவு தவறோ, எல்லை தெரியாமல் அதை முழு உண்மை என்று சாதிப்பதும் அவ்வளவு தவறு. நம் பொதுவாழ்வில் இரண்டு தவறுகளும் நிறைய உண்டு. என் கண்ணால் கண்டேன் என்ற ஒரே வலிமையில் பிறர் வாயை அடைப்பவர்கள் ஒருபுறம்; எல்லாம் மாயை என்று சொல்லி, கண்முன் நடக்கும் துன்பத்துக்குப் பதில் சொல்லாமல் தப்புகிறவர்கள் மறுபுறம். சமயம் பற்றிப் பேசும்போது இந்த இரண்டும் இன்னும் கேடு விளைவிக்கின்றன. மீன் தன் நீரையும் நாம் நம் வெளியையும் மெய்யாகவே காண்கிறோம். மீனும் நாமும் காணாதது அதைவிட மிகுதி. ஆகவே கண்டதற்குப் பொறுப்பேற்போம். காணாததைப் பற்றி அடக்கத்தோடு பேசுவோம். வேறு கோணத்திலிருந்து பார்ப்பவர் சொல்வதைக் கேட்காமல் தீர்ப்பெழுதாதிருப்போம்.